நல்லாயிருக்கேன் என்றால் நம்பாதவள்

"நல்லாயிருக்கேன், இண்டாய்" என்று நோயாளி சொல்லி முடிப்பதற்குள் நர்ஸ் ரோமெர்லின் போர்வையைத் தூக்கிவிடுவாள். கால் வீங்கியிருக்கிறதா, ஊசி போட்ட இடம் சிவந்திருக்கிறதா, நகம் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, "அப்படியா? யாரு சொன்னா?" என்பாள். நோயாளி திருதிருவென்று விழிப்பார். அவர்தானே சொன்னார்! அதற்குள் அவள் கட்டிலுக்கடியில் குனிந்து, துணைக்கு இருக்கும் பெண்டாட்டி ஒளித்து வைத்த பொரித்த பன்றித்தோல் பொட்டலத்தை வெளியே இழுத்திருப்பாள். "இது யாருக்கு? பூனைக்கா?"

பிலிப்பைன்ஸில் இருக்கும் இலோயிலோ ஊர்க்காரர்கள், மகளே என்கிற மாதிரி இண்டாய் என்று கூப்பிட்டுத் திட்டினாலும், தாலாட்டுப் பாடுகிற மாதிரிதான் கேட்கும். வலிக்கிறது என்று இந்த ஊரில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அடுத்தவருக்குத் தொந்தரவாகிவிடுமாம். அப்படிப்பட்ட ஊரில் வந்து பிறந்திருக்கிறாள் இவள். ஜீப்னி வண்டியில் பின்னால் உட்கார்ந்தவர்களின் சில்லறை கைமாறிக் கைமாறி டிரைவரிடம் போய்ச் சேரும்வரை கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஓட்டுகிறவர் அவளுடைய அப்பாவாகவே இருந்தாலும் சரி.

அப்பா ரொலாண்டோ, அம்மா மெர்லின். இரண்டையும் வெட்டி ஒட்டி மகளுக்குப் பெயர் வைத்தார்கள். "ஒட்டு சரியா ஒட்டலையோன்னு எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம்" என்பாள். பெயரை வைத்த கையோடு அம்மா ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். மகள் நர்ஸ் படிப்பை முடிக்கும்வரை அங்கேதான் இருந்தாள். வாரா வாரம் போனில் வருவாள். எப்படிம்மா இருக்கே என்றால், "நல்லாயிருக்கேன் பிள்ளே, எனக்கென்ன குறை?" என்று சிரிப்பாள். மகளும் நம்பினாள். கடைசியில் விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. அம்மா வந்த சந்தோஷத்தைவிட ஏமாந்துபோன கோபம்தான் அன்றைக்கு அவளுக்குப் பெரிதாக இருந்தது. அது இன்னும் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்ந்து அரை வருடம்தான் ஆகிறது. இன்னும் தற்காலிகம். ஆண்கள் வார்டின் தலைமை நர்ஸ் மேடம் புளோர்டெலிசா, இவளை இதுவரை "ஏய் புதுசு" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் திடீரென்று தோளில் கை போட்டார்.

"உனக்கு நல்ல கண்ணு, இண்டாய். நிரந்தரப் போஸ்ட் போட்டுத் தரச் சொல்லியிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுடு."

ரோமெர்லின் தோளில் இருந்த கையைத்தான் முதலில் பார்த்தாள். "என்ன மேடம், யாரு ஓடிப்போயிட்டாங்க?"

மேடம் கையை எடுத்துக்கொண்டார். அன்று மாலையே விஷயம் வெளியே வந்துவிட்டது. அதே வார்டின் சீனியர்கள் மூன்று பேர் சவூதிக்கு விசா வாங்கிவிட்டார்கள். "பாத்தியா?" என்று வீட்டில் அப்பாவிடம் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். தன் சந்தேகம் பலித்துவிட்டால் அவளுக்கு ஒரு குஷி. சோறுகூட இரண்டு கரண்டி அதிகமாக இறங்கும்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியே பிடிக்கவில்லை. மந்துரியாவோ பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்றில், பக்கத்து வீட்டுப் பெண் மூலம் மகளுக்கு ஓர் ஆபீஸ் வேலையைப் பேசி வைத்திருந்தாள். கடல் தாண்டி இருக்கும் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கான வேலை. அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் கிடப்பவர்களின் மருத்துவக் குறிப்புகளை இங்கே உட்கார்ந்து படிக்க வேண்டும். அவர்களுக்கு இன்னும் படுக்கை தேவையா, போதுமா என்று எழுத வேண்டும். போதும் என்று எழுதினால் இன்சூரன்ஸ் பணம் நின்றுபோகும். நோயாளி வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். சம்பளம் ஆஸ்பத்திரியைப் போல இரண்டு மடங்கு.

"உக்காந்து பாக்குற வேலைடி" என்றாள் அம்மா, முழங்காலைத் தடவிக்கொண்டே. "உன் காலாவது தப்பிக்கட்டும். ஆஸ்பத்திரின்னு போனா ரெண்டு வருஷத்துல நீயும் பிளேன் ஏறிடுவே. எல்லாரும் அப்படித்தானே போறாங்க? இந்த வீட்டுலேருந்து நான் ஒருத்தி போனது போதும்."

"எனக்காகச் சொல்றியா, உனக்காகச் சொல்றியா?"

"ரெண்டுக்கும்தான். போயேன், இதையும் சந்தேகப்படு!"

விடுமுறை நாளில் ஆபீசைப் பார்க்கப் போனாள். காபி இலவசம். சுவரெல்லாம் பச்சைச் செடி. களைத்துப்போனால் படுக்க மெத்தை போட்ட ஓர் அறை வேறு. அந்த அறையை ரோமெர்லின் வெகுநேரம் நின்று பார்த்தாள். தூங்க இடம் கொடுக்கிறவன் எதற்காகக் கொடுக்கிறான்? வீட்டுக்கு விடமாட்டான் என்று முடிவு கட்டினாள்.

பயிற்சி கொடுப்பவர் டாக்ஸ் சார். அவரும் நர்ஸாக இருந்தவர்தான். இப்போது நல்ல வாசனைத் தைலம் பூசிக்கொண்டு மெதுவாகப் பேசுகிறார். பழகிப் பார்க்க ஒரு பழைய கேஸைத் திரையில் திறந்து கொடுத்தார். இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்த ஒரு கிழவி. நன்றாகச் சாப்பிடுகிறாள், கட்டையைப் பிடித்து நடக்கிறாள், வலி குறைவு என்று எழுதியிருந்தது. ரோமெர்லின் மேலும் கீழுமாகப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"சார், கூட இருக்கிறது யாரு?"

"எங்கே?"

"இந்தம்மாவுக்குத் துணைக்கு. மகளா, மருமகளா? ஒண்ணுமே எழுதலையே. எதையோ மறைக்கிறாங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர்கள் எல்லோருமே முதல் நாள் இதைத்தான் கேட்டார்களாம். துணைக்கு ஆளில்லாத நோயாளியை இலோயிலோவில் யார் கண்டது? கட்டிலில் ஒருவர், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து ஒருவர், இரண்டும் சேர்ந்துதான் நோயாளி.

"அந்த ஊர்ல யாரும் கூட இருக்க மாட்டாங்க, இண்டாய்" என்றார் டாக்ஸ் சார். "நர்ஸ் மட்டும்தான். உன் சந்தேகம் நல்ல சந்தேகம். திசையை மட்டும் மாத்திக்கோ. இந்தம்மா எதை மறைக்கிறாங்கன்னு பாக்காதே. இன்னும் எதுக்கு அங்கே இருக்காங்கன்னு பாரு."

அப்படிப் பார்க்க அவளுக்குச் சட்டென்று வந்துவிட்டது. அதுதான் வினை. அடுத்த கேஸில் நடக்கிறான், காய்ச்சல் இல்லை, எதற்குப் படுக்கை? போதும். அதற்கடுத்ததில் மாத்திரை விழுங்குகிறாள், எதற்கு ஊசி? போதும். டாக்ஸ் சார் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். அரை வருடமாக வார்டில் அவளுக்கு ஒருவர் கை தட்டியதில்லை. முதுகுக்குப் பின்னால் சந்தேகப் பிசாசு என்று பெயர் வைத்ததுதான் மிச்சம். முகமெல்லாம் சூடேறி, சந்தோஷமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். அன்றிரவு அம்மாவுக்கு முழங்காலில் எண்ணெய் தேய்த்துவிடும்போது, "சேந்துடுவேன்னு நினைக்கிறேன்" என்றாள். அம்மா அழுதுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலை முறை வேலை. ஜன்னலோரக் கட்டிலில் தியோஸ்தாதோ என்ற கிழவர்; வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் 'நோங்'. கிமாராஸ் தீவுக்குப் படகு ஓட்டுகிறவர். மூச்சுத்திணறலோடு வந்து சேர்ந்தவருக்கு இன்று வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிவிட்டார். இன்றைக்கு அவருடைய பிறந்தநாளும்கூட. சட்டை மாற்றி, தலை வாரி, மணமகன்போல உட்கார்ந்திருந்தார்.

"ராத்திரி தூங்கினீங்களா, நோங்?"

"கட்டை மாதிரி."

"ஆமா மேடம், நல்லாத் தூங்கினாரு" என்றாள் துணைக்கு இருந்த மகள் ரோவெனா, தரையைப் பார்த்தபடி.

சாப்பிடுகிறார், நடக்கிறார், காய்ச்சல் இல்லை. இன்னும் எதற்குப் படுக்கை? போதும். ரோமெர்லினின் மனசுக்குள் அந்தச் சொல் தானாக வந்து உட்கார்ந்தது. அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேவிட்டாள். இரண்டடி போனதும்தான் உறைத்தது. கிழவருடைய காலைக்கூடப் பார்க்கவில்லை. அட கடவுளே, அவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாளே! இந்த அரை வருடத்தில் எந்தக் கட்டிலையும் இப்படிக் கடந்து போனவள் இல்லை அவள்.

திரும்பி வந்தாள். வாரிவிட்ட முடியை ஒதுக்கிப் பார்த்தாள். நெற்றியில் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. கட்டிலின் இரும்புச் சட்டம் அழுந்திய தடம்.

"இது என்ன, நோங்?"

"கொசு."

"கோடு போட்டுக் கடிக்கிற கொசுவா? உக்காந்த வாக்குலயே கம்பியில தலையை வச்சுத் தூங்கியிருக்கீங்க. படுத்தா மூச்சு முட்டுதில்ல?"

"போ இண்டாய், உனக்கு எல்லாமே சந்தேகம்!"

அவள் ரோவெனாவைப் பார்த்தாள். ரோவெனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வீட்டுலதான் பிறந்தநாள் கொண்டாடணும்னு சொல்லி, வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு, மேடம். மூணு ராத்திரியா இப்படித்தான்."

டாக்டர் வந்தார். கிழவரைப் படுக்க வைத்தார். ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. வாயைத் திறந்து காற்றுக்குத் தவித்தபடி எழுந்து உட்கார்ந்துவிட்டார். நுரையீரலில் இன்னும் நீர். வீட்டுக்குப் போகிற பேச்சு நின்றது. கிழவர் தாலாட்டுக் குரலிலேயே ரோமெர்லினைத் திட்டித் தீர்த்தார். பிசாசு என்றார். உன் கல்யாணத்தன்றைக்கு மழை கொட்டட்டும் என்றார். அவள் ஆக்சிஜன் குழாயை அவர் மூக்கில் பொருத்தினாள். போர்வையைத் தூக்கி, விட்டுப்போன கால்களையும் அழுத்திப் பார்த்தாள். அந்த இரண்டடி மட்டும் மனசை விட்டு அகலவில்லை.

பதினோரு மணிக்குமேல் கிழவரின் வீட்டார் கொண்டாட்டத்தையே வார்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பெரிய தட்டு நிறையப் பன்சித். பிறந்தநாள் என்றால் பன்சித் இல்லாமல் முடியாது. ஆயுசு நீளமாக இருக்க வேண்டும் என்று அந்தச் சேமியா இழையை யாரும் நறுக்க மாட்டார்கள். உப்பு சேராமல் கொஞ்சம் தனியாகச் சமைக்கக் காலையிலேயே ரோவெனாவிடம் சொல்லி வைத்து, கிழவருக்கும் ஒரு வாய் கொடுக்க விட்டாள் ரோமெர்லின். சற்று நேரத்தில் ரோவெனா ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு நர்ஸுகளின் மேஜைக்கு வந்தாள்.

"அப்பா குடுக்கச் சொன்னாரு. உங்களுக்குத்தான்னு சொன்னாரு."

ரோமெர்லின் தட்டைப் பார்த்தாள். கிழவரைப் பார்த்தாள். காலையில் பிசாசு என்று திட்டினவர் எதற்காகச் சாப்பாடு அனுப்புகிறார்?

மேடம் புளோர்டெலிசா ஓடி வந்தார். "தொடாதே, இண்டாய்! டூட்டியில யாராவது பன்சித் தின்பாங்களா? அந்த இழை மாதிரி நோயாளிங்க முடிவே இல்லாம வந்துக்கிட்டே இருப்பாங்க! இந்த வார்டுல ஒருத்தரும் தொட்டதில்ல. வேலைய விட்டுப் போற அன்னைக்கு வேணும்னா கேட்டு வாங்கித் தின்னு!"

ஜன்னலோரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே கிழவர் சிரித்தார். அவருக்கும் அது தெரியும், தெரிந்துதான் அனுப்பியிருந்தார். "தின்னு, இண்டாய்! வரிசை கட்டி வரட்டும்! சந்தேகப்படறதுக்கு ஆள் வேணுமில்ல உனக்கு!"

வார்டே சிரித்தது. மேஜைமேல் கிடந்த போன் அதிர்ந்தது. டாக்ஸ் சார். மதியமாகப் போகிறது.

ரோமெர்லின் போனை எடுக்கவில்லை. தட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு, ஐயோ ஐயோ என்று மேடம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருக்க, முள்கரண்டியால் நீளமான ஓர் இழையைத் தூக்கி, கிழவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நடுவில் கடித்துவிடாமல் கடைசி நுனிவரைக்கும் உள்ளே உறிஞ்சினாள்.