ஹெலிகாப்டர் கதவருகே எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் கர்த்தரின் இளைப்பாறுதலுக்குள் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினரும் நண்பர்களும் அவரை அதிகம் பேசாத மனிதராக அறிவீர்கள். ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் அமர்ந்து, முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்து, பீர்க்கன்கரணை வீட்டுக்கு நடந்தே போய்விடுவார். அவருடன் பிறந்த ஒரே தங்கையான நானும் அவரை அந்த அளவுக்குத்தான் அறிந்திருந்தேன். அண்ணி என்னை எழுதச் சொன்னபோது, தெரியாமல் இருந்ததைத்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

அண்ணன் பிறந்தது தாம்பரம் ரயில்வே குடியிருப்பில். அப்பா மின்சார ரயில் பணிமனையில் ஃபிட்டர். அண்ணனுக்குப் பதினைந்து வயதும் எனக்கு ஒன்பது வயதும் இருக்கும்போது அம்மா டைபாய்டில் இறந்தார். அதன்பின் காலையில் சோறு வடித்து, எனக்குத் தலை பின்னிவிட்டு, அதற்குப் பிறகே அண்ணன் தன் பள்ளிக்கு ஓடுவார். பின்னல் ஒரு நாளும் நேராக வந்ததில்லை. வகுப்பில் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று நான் அழுதால், "நாளைக்கு நேரா போட்றேம்மா" என்பார். மறுநாளும் கோணல்தான். பதினெட்டு வயதில் கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்தார். நான் ஆசிரியர் பயிற்சி முடித்ததும், என் திருமணம் நடந்ததும் அவர் தோளில்தான்.

கடற்படையில் அவருக்கு ஹெலிகாப்டர் பிரிவு. எங்கள் ஊரில் வானத்தில் எது பறந்தாலும் அது ஏர்ஃபோர்ஸ்தான். அதனால் அண்ணன் விடுமுறையில் வந்தால், "ஏர்ஃபோர்ஸ் தம்பி வந்துட்டாரா?" என்று விசாரிப்பார்கள். அவர் திருத்த மாட்டார். என்ன வேலை என்று நான் கேட்டால், "பைலட் முன்னாடி ஓட்டுவாரு. நான் பின்னாடி கதவுகிட்ட உக்காந்து வருவேன்" என்பதோடு முடித்துக்கொள்வார். இதைக் கேட்ட என் கணவர் அவருக்கு 'ஹெலிகாப்டர் கண்டக்டர்' என்று பெயர் வைத்தார். எங்கள் குடும்பத்துக் கல்யாண வீடுகளில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. "மச்சான், விசில் எங்க?" என்று இவர் கேட்பார். அண்ணனும் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார்.

ஓய்வு பெற்ற பின் படப்பைக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தார். பிறகு சிறுநீரகம் செயலிழந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதையும் அலுவலகத்துக்குப் போவதுபோல் சட்டை மடித்துக்கொண்டு போய்வந்தார்.

அப்படி ஒரு டயாலிசிஸ் இல்லாத நாள் காலையில்தான் அண்ணனோடு பறந்த விமானி ஒருவர் வீட்டுக்கு வந்தார். கடற்படையில் பெரிய பதவி வரை போய் ஓய்வு பெற்றவர், அண்ணனைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். கோயம்புத்தூரிலிருந்து விலாசம் விசாரித்து வந்திருந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். வந்தவர் உட்காரவே இல்லை.

"சீஃப், உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்" என்றார். சீஃப் என்பது அண்ணன் கடைசியாக வகித்த பதவியின் பெயர்.

"எதுக்கு சார் இதெல்லாம்? மொதல்ல உக்காருங்க" என்று அண்ணன் பதறினார்.

விமானி எங்கள் பக்கம் திரும்பி, "உங்க அண்ணன் கையில இருக்கிற தழும்பு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா?" என்று கேட்டார். வலது உள்ளங்கையின் குறுக்கே ஓடும் தழும்பு அது. கயிறு உரசிவிட்டது என்று அண்ணன் சொல்லியிருந்ததைச் சொன்னேன். அதன் பிறகு அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு புயல் நாளில் சரக்குக் கப்பல் ஒன்று தரைதட்டி உடைந்துகொண்டிருந்தது. மேல்தளத்தில் ஒன்பது பேர். இவர்களுடைய ஹெலிகாப்டர் அந்தக் கப்பலுக்கு நேர் மேலே அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் விமானிக்குத் தனக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. பின்னால் திறந்த கதவில் குப்புறப் படுத்து, தலையை வெளியே நீட்டி, "ரெண்டு அடி முன்னால, ஒரு அடி வலது, நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்தான் அவருக்குக் கண். ஆட்களைத் தூக்கும் எஃகு வடத்தை இறக்குவதும் ஏற்றுவதும் அதே மனிதர்தான். அண்ணன் 'உக்காந்து வந்த' வேலை அது. வடத்தின் நுனியில் தொங்கியபடி கப்பலில் இறங்கியவர் ஒடிசாவைச் சேர்ந்த ஓர் இளம் மாலுமி. கடலில் நீந்தி மீட்பதற்குப் பயிற்சி பெற்றவர்.

எட்டுப் பேர் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். ஒன்பதாவது ஆள் கால் உடைந்த சமையல்காரர். அவரைத் தன் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அந்த மாலுமி மேலே ஏறத் தொடங்கியபோது கப்பல் சாய்ந்தது. வடம் கொடிமரக் கம்பியில் சிக்கியது. அது இறுகினால் ஹெலிகாப்டரே கீழே இழுக்கப்படும். அப்படி நேர்ந்தால் வடத்தை ஒரு நொடியில் வெட்டிவிட விமானியிடம் ஒரு பொத்தான் உண்டு. வெட்டினால் மேலே இருப்பவர்கள் பிழைப்பார்கள். வடத்தில் தொங்கும் இருவரும் போய்விடுவார்கள்.

"என் விரல் பொத்தான் மேல இருந்துச்சும்மா" என்றார் விமானி. "வெட்டப் போறேன்னு சொல்லிட்டேன். இவர் குரல்ல நடுக்கமே இல்ல. 'வேணாம் சார், கீழ எறங்குங்க'ன்னார். எல்லாரும் மேல போகத்தான் பாப்பாங்க. கொடிமரம் நேரா கீழ நிக்குது, இவர் எறங்குன்றார். எனக்குக் கீழ ஒண்ணும் தெரியல. இந்தக் குரல் மட்டும்தான். எறங்கினேன்."

ஹெலிகாப்டர் இறங்கியதும் வடம் தளர்ந்தது. அண்ணன் இடுப்பு வரை வெளியே சரிந்து, வடத்தைக் கையால் பிடித்து உதறி உதறிக் கம்பியிலிருந்து விடுவித்தார். கையுறை கிழிந்து உள்ளங்கை எலும்பு வரை அறுபட்டது. அந்தக் கையோடுதான் இருவரையும் உள்ளே இழுத்துப் போட்டார். தரையிறங்கும்வரை கை அறுபட்டதை அவர் சொல்லவே இல்லையாம்.

அண்ணி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டு கூடவே வாழ்ந்தவருக்கும் அன்றுதான் தெரியும்.

"அறிக்கை எழுதினது நான்தான்" என்று விமானி தொடர்ந்தார். "எம்பேரை எழுதினேன். பின்னாடி இருந்த ரெண்டு பேரையும், குழுவினர் நல்லா செஞ்சாங்கன்னு ஒரே வரியில முடிச்சிட்டேன். பேர் எழுதல. பதக்கம் எனக்கு மட்டும் வந்துச்சு. வாங்கிக்கிட்டேன், சீஃப்." ஓய்வுக்குப் பின் பழைய காகிதங்களை அடுக்கும்போது அந்த வரி அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அன்று முதல் கடிதம் மேல் கடிதம் எழுதி, அண்ணனைக் கௌரவிக்க இப்போது ஒப்புதல் வாங்கி வந்திருந்தார்.

அண்ணன் காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, "சார், காபி ஆறுது, குடிங்க" என்றார். அவர் குடித்து முடித்ததும், "அவன் பேரு அதுல இருக்கா சார்?" என்று கேட்டார்.

கப்பலில் இறங்கிய அந்த மாலுமி இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றும், குடும்பம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றும் விமானி சொன்னார்.

"நான் மேல இருந்து பேசினேன். எறங்கினவன் அவன். அவனுக்கு இல்லாம எனக்கு வேணாம் சார்."

இதை நான் ஒளிக்காமல் எழுத வேண்டும். அவர் சென்ற பின் அண்ணனோடு சண்டை போட்டேன். டாக்டர் ஏற்கெனவே எங்களைத் தனியே அழைத்துப் பேசியிருந்தார். "அவங்களைத் தேடிக் கண்டுபிடிக்கிற வரைக்கும் நீங்க இருக்கணுமேண்ணா" என்று, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். "இல்லன்னா இல்லாமப் போறேன்" என்றார் அண்ணன். இரண்டு மாதம் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. கடைசியில் அவரேதான் போன் செய்தார். "பழைய ஆளுங்க எட்டு பேருகிட்ட விசாரிச்சிட்டேம்மா. ஒருத்தன் அவங்க ஊர் பேரைச் சொல்லியிருக்கான்" என்று சின்னப் பிள்ளைபோல் சொன்னார். டயாலிசிஸ் படுக்கையில், ஊசி குத்தாத கையில் போனை வைத்துக்கொண்டு பழைய தோழர்களை ஒவ்வொருவராகத் தேடியிருக்கிறார்.

அந்தக் குடும்பம் ஒடிசாக் கடலோரத்தில் ஒரு கிராமத்தில் இருந்தது. விமானி மறுபடியும் எழுதினார். இம்முறை இரண்டு பெயர்களையும் எழுதினார். அதற்கு ஒப்புதல் வர ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்த ஓராண்டில் அண்ணன் மூன்று முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஒவ்வொரு முறையும் எழுந்து வந்தார். எப்படி என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

விழா ஒரு கடற்படை விமானத் தளத்தில், பழைய ஹெலிகாப்டர் குழுவினர் பலருக்காக நடந்தது. ஒடிசாவிலிருந்து அந்த மாலுமியின் மனைவி மகளோடு வந்திருந்தார். அண்ணன் அவர் அருகில் அமர்ந்து, அவருடைய கணவர் என்ன செய்தார் என்பதை இந்தியில் சொன்னார். மகள் அதைத் தாய்க்கு ஒடியாவில் சொல்ல, அந்த அம்மாள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். மற்றவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதுதான் தன் வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தாராம் அவர் கணவர்.

முதலில் அண்ணன் பெயரைத்தான் அழைத்தார்கள். அவர் எழவில்லை. அருகில் நின்ற இளம் அதிகாரியிடம், "அவங்களை மொதல்ல கூப்பிடுங்க" என்றார். அந்த அதிகாரி ஓடிப்போய்ச் சொன்னார். அந்த அம்மாள் மேடையேறியதும் மண்டபம் முழுதும் எழுந்து நின்றது. அதன்பின் அண்ணன் யார் கையையும் பிடிக்காமல் நடந்து போனார். இறங்கி வரும்போது படிக்கட்டின் கீழே அந்த விமானி நின்றிருந்தார். அண்ணன் கையை உயர்த்தும் முன் அவர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். அதிகாரி முதலில் சல்யூட் அடிக்கும் வழக்கம் இல்லையாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. அண்ணனின் கை பதறி மேலே போனதைப் பார்த்தேன். என் பக்கத்தில் என் கணவர் தேம்பிக்கொண்டிருந்தார். "கண்டக்டர்னு சொன்னேனே... இத்தனை பேர் நடுவுல சொன்னேனே" என்று அவர் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

அதன்பின் ஏழு மாதம் அண்ணன் எங்களோடு இருந்தார். பதக்கத்தை யாராவது கேட்டாலொழியக் காட்டமாட்டார். கடைசி வாரத்தில் டயாலிசிஸ் போதும் என்று அவரே சொல்லிவிட்டார். ஒரு ஞாயிறு காலை, அண்ணி சங்கீதம் வாசித்துக்கொண்டிருக்கையில் மூச்சு அமைதியாக நின்றது.

டயாலிசிஸ் பிரிவின் செவிலியர் சகோதரிகளுக்கும், அடக்க ஆராதனை நடத்திய போதகர் ஐயாவுக்கும், பேழையைச் சுமந்த சபை இளைஞர்களுக்கும் எங்கள் நன்றி. மூன்று ஆண்டு அண்ணனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற ஆட்டோ ஓட்டுநர், "இன்னாமா இது, இவ்ளோ பெரிய ஆளு நம்ம வண்டில குந்திகினு வந்தாரு, ஒரு வார்த்தை சொல்லலியேமா" என்று கல்லறைத் தோட்டத்தில் அழுதார். அவருக்கும் நன்றி. உண்மையைச் சொல்ல அவ்வளவு தூரம் வந்த விமானி ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அண்ணா, அறுபத்திரண்டு ஆண்டுகள் நான் உங்கள் தங்கையாக இருந்தேன். நீங்கள் யார் என்று தெரிந்துகொண்டது கடைசி இரண்டு ஆண்டுகளில்தான். அதிலும் இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டேன். நீங்கள் போன் செய்தீர்களே, அதற்கு நன்றி அண்ணா.