பற்றாத அடுப்பும் எதிர் வீட்டு பாயும்

எனக்கு ரிப்பேர் வேலை நன்றாகவே தெரியும். இதில் அடக்கமெல்லாம் கிடையாது. எங்கள் வீட்டில் ஃபியூஸ் போடுவது நான், குழாய்க்கு வாஷர் மாற்றுவது நான், ரேடியோ கரகரத்தால் தலையில் தட்டுவதும் நான்தான். அப்பேர்ப்பட்டவன் வீட்டில், போன மாதம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை கேஸ் அடுப்பு பற்றவில்லை!

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டு ஹோட்டலில் இட்லி வாங்கி வந்திருப்பேன். அன்றைக்கு முடியாது. ஒன்பது மணிக்கு எதிர் வீட்டு அன்வர் பாய் வருவதாக இருந்தது — எங்கள் அடுப்பு எரிவதைப் பார்ப்பதற்கென்றே.

பாய்க்கு தருமபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாட்ச் ரிப்பேர் கடை. அவர் மனைவி மெகருவுக்கு இளைப்பு. விறகு அடுப்பில் ஒரு வேளை சமைத்து முடித்துவிட்டு, வாசலுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவார். அந்த இருமல் எங்கள் கூடம் வரைக்கும் கேட்கும். கேட்டுக்கொண்டு சாப்பிடவே முடியாது. புகையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாலு வருஷத்துக்கு முன்னால், எல்லோரும் பதிகிறார்களே என்று பாயும் கேஸ் கனெக்‌ஷனுக்குப் பதிந்து வைத்திருந்தார். இப்போதுதான் லெட்டர் வந்தது. விஜயதசமிக்கு மறுநாளைக்குள் கேஸ் ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். பாயோ, போடவே மாட்டேன் என்கிறார்!

பயம்தான். "யாரு வூட்லயோ சிலிண்டர் வெடிச்சுப் போச்சாம் சார்" என்பார். எங்கே என்றால் ஒரு நாள் இண்டூர் என்பார், இன்னொரு நாள் அதியமான்கோட்டை என்பார். வெடித்த வீடு ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருந்தது.

கடைசியில் என் மனைவி சாந்தாதான் ஒரு வழி செய்தாள். "ஒரே ஒரு தடவ வந்து எங்க அடுப்பு எரியறதப் பாருங்க பாய். அப்பறமும் பயமா இருந்துச்சுன்னா வுட்ருங்க." பாய் தலையாட்டினார்.

அந்த அடுப்புதான் இப்படிக் கழுத்தறுத்தது.

எனக்குக் கோபம் வேறு. முந்தின நாள் அதற்கு எவ்வளவு மரியாதை செய்திருந்தேன்! ஆயுத பூஜை என்றால் நான் எதிலும் குறை வைக்க மாட்டேன். சைக்கிள், கத்தரிக்கோல், சுவர்க் கடிகாரம், அரிவாள்மனை... ஒன்றையும் விடவில்லை. கேஸ் அடுப்பை பர்னர் வரைக்கும் தனித்தனியாகப் பிரித்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திரும்ப மாட்டி, மாலையும் போட்டிருந்தேன்.

சரி, ரிப்பேரில் இறங்கினேன். ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டினேன். ட்யூபை நீவிப் பார்த்தேன். குமிழைத் திருகினால் வழக்கமான 'உஸ்' சத்தம் இல்லை. இரண்டு பக்கமும் அப்படித்தான். தீக்குச்சிதான் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தது.

"வாசனையே வரலீங்களே" என்றாள் சாந்தா.

"அரை சிலிண்டரை அனுப்பிட்டான், அதுக்குள்ள தீந்துபோச்சு! கம்ப்ளெய்ன்ட் எழுதப் போறேன்" என்றேன். எழுதவும் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் செருப்புச் சத்தம்.

பாய் வந்தார். பின்னாலேயே மெகரு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அடுப்பு எரியவில்லை என்று தெரிந்ததும் பாய் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள்... எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லெட்டர் மெகருவின் கையில் இருந்தது. அதை நாலாக மடித்தார்.

ஆனால் எந்த ரிப்பேர்காரரால் சும்மா நிற்க முடியும்? பாய் சிலிண்டரை லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"கனமாத்தான் இருக்குதுங்க சார். கடைசியா எப்ப எரிஞ்சுது?"

"நேத்து மத்தியானம்."

"அதுக்கப்பறம் யாரு கை வெச்சாங்க?"

சாந்தா என்னைப் பார்த்தாள்.

"கோச்சுக்காதீங்க. வாட்ச் நின்னுபோச்சுன்னு வரவங்ககிட்ட மொதல்ல இதத்தாங்க கேப்பேன்."

ரெகுலேட்டரை மூடச் சொன்னார். எதிர் வீட்டுக்குப் போய்த் தன் சின்னப் பெட்டியை எடுத்து வந்தார். பர்னரைத் தூக்கி வைத்துவிட்டு, வாட்ச் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு உள்ளே குனிந்தார். அங்கே ஒரு பித்தளை மூக்கு உண்டு. கேஸ் வெளியே வருவதே அதன் நுனியிலுள்ள ஊசித் துளை வழியாகத்தான்.

பாய் நிமிர்ந்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"சார்... இதுக்கு ஏனுங்க பொட்டு வெச்சீங்க?"

பளபளவென்று இருந்ததே, விட மனசு வருமா? இரண்டு மூக்குக்கும் வஞ்சனையில்லாமல் வைத்திருக்கிறேன். சந்தனம் ராத்திரி முழுக்கக் காய்ந்து, துளையைக் கச்சிதமாக அடைத்துவிட்டது.

பாய் இரண்டையும் கழற்றினார். வெந்நீரில் போட்டு, சின்ன பிரஷால் தேய்த்து, வாயால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மாட்டினார். குமிழைத் திருகியதும் அவர்தான். குச்சி கிழித்ததும் அவர்தான் — வெடிக்கும் என்று பயந்த அதே மனிதர்! நீலமாகப் பற்றியது.

சாந்தா டீ போட்டாள். பால் பொங்கும் வரைக்கும் மெகரு அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றார். முந்தானை வாயிலிருந்து எப்போதோ இறங்கியிருந்தது.

"இவ்வளவுதாங்களா இது?" என்றார் பாய். "ஒரு குழாய், ஒரு திருகு, ஒரு ஓட்ட... கைக்கடியாரத்துல இத விட அதிகம் இருக்குதுங்க." மெகருவின் கையிலிருந்து லெட்டரை வாங்கி, பிரித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் ஆபீஸ் திறக்கும் முன்னாலேயே வாசலில் நின்றாராம்.

யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அடுப்பு ஒழுங்காக எரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாய் தள்ளி நின்று பார்த்துவிட்டு, அதே பயத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத வரைக்கும்தான் எதுவுமே பூதம். அதனால் சொல்கிறேன் — எதிர் வீட்டுக்கு கேஸ் வந்ததே என்னால்தான். சாந்தா இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். நீங்களாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

இப்போது பாய் வெள்ளிக்கிழமை தவறாமல் அடுப்பைப் பிரித்துத் துடைக்கிறார். நேற்று மெகரு தெருவில் நின்று கத்தினார்: "அண்ணே, இவரு அடுப்ப நட்டு நட்டாப் பிரிச்சு வெச்சுக்கிட்டு லென்ஸு போட்டுப் பாத்துக்கிட்டிருக்காருண்ணே, புள்ளைங்க பசியில கத்துதுங்க, சோறாக்க வுடச் சொல்லுங்கண்ணே!"

அத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னார். ஒரு இருமல்கூட இல்லை!