அழிப்பதுதான் முதல் வேலை

அந்தப் பதினொரு மெசேஜையும் நான் அழிக்காமல் வைத்திருந்தது ஆசைப்பட்டு அல்ல. என் மேலாளர் அனுப்பியவை. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். முதல் மெசேஜ் என் புடவை நிறத்தைப் பற்றி. பதினொன்றாவதைப் படித்த அன்று கிண்டியில் ரயில் ஏறியவள், தாம்பரம் வரும்வரை உட்காரவே இல்லை.

தலைமை அலுவலகத்தில் பெண்களின் புகார்களைக் கேட்க ஒரு அம்மா இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை போனில் அவரிடம் சொன்னேன். எதையும் அழிக்காதே, திங்கட்கிழமை போனோடு வா, நான் பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் காலையில் போன் செத்தது. கம்பெனிப் பெயர் திரையில் வரும், அணையும், மறுபடி வரும்.

கணவரிடம் அதுவரை ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அந்த மேலாளனைப் போய் ஒன்றும் கேட்கமாட்டார். என் வேலையைத்தான் நிறுத்துவார். நல்ல மனிதர், எல்லாரும் சொல்வார்கள். நல்ல மனிதர்களின் தீர்வு எப்போதும் பெண்ணை வீட்டுக்குள் கொண்டுவந்து முடிகிறது.

சாயங்காலம் அவரே பைக்கில் கூட்டிப்போனார். செம்பாக்கம் மெயின் ரோட்டில், மெடிக்கல் ஷாப்பை ஒட்டி ஓர் ஆள் உட்காரும் செல்போன் கடை. உள்ளே பெட்டி மாதிரி ஒரு கம்ப்யூட்டர். கடைக்காரர் போனைத் திருப்பிப் பார்த்தார், கேபிளைச் சொருகினார், என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"சாஃப்ட்வேர் பூட்ச்சுக்கா. புச்சா ஏத்தினா எய்ந்துக்கும். ஆனா உள்ள கீற மெசேஜ், போட்டோ அல்லாம் பூடும். பரவால்லியா?"

"பரவாயில்லப்பா, போடு. நம்பரெல்லாம் சிம்லதான் இருக்கு" என்றார் கணவர். அவருக்கு ஆறரைக்குக் கோயிலில் பாட்டுப் பயிற்சி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கேட்டது என்னை. பதில் அவருடையது. வேண்டாம் என்றால் ஏன் என்பார். ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அந்தக் கண்ணாடிப் பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு, முன்பின் தெரியாத ஓர் ஆளுக்கு முன்னால். இதையெல்லாம் நான் யோசித்து முடிப்பதற்குள் கடைக்காரர் பட்டனை அழுத்திவிட்டார். திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர ஆரம்பித்தது. மூன்று சதவீதம். ஐந்து. யாரோ என் கழுத்தில் விரல் வைத்து மெல்ல மெல்ல நகர்த்துவது போல.

"நிறுத்துங்க" என்றேன்.

"பாதில நிறுத்தினா போன் செத்துடும்க்கா. அப்பறம் நான் இன்னா பண்ணாலும் எய்ந்துக்காது."

கணவர் சிரித்தார். போனுக்கெல்லாம் பயப்படுகிறாள் என்று கடைக்காரரிடம் சொன்னார். அந்தச் சிரிப்பில்தான் என் கை போனது. கேபிளைப் பிடுங்கினேன். பச்சைக் கோடு பதினெட்டில் நின்றது.

கடைக்காரர் கத்தவில்லை. கேபிள் முனையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பட்டனை அழுத்திப் பிடித்தார். திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளே இருந்ததாவது தப்பித்ததா என்று கேட்டேன்.

"அயிக்கறதுதான்க்கா மொதல் வேல. எய்தறது அப்பறம். நீ இஸ்க்கறதுக்கு முன்னாடியே அல்லாம் பூட்ச்சு."

ஆக, அவன் எழுதியதும் இல்லை, போனும் இல்லை. திங்கட்கிழமைக்கு என்னிடம் இருந்தது ஒரு கறுப்புச் சில்லு. என் மேல் எனக்கே வந்த ஆத்திரத்தில் காது அடைத்தது. ஒரு சின்ன "வேண்டாம்" சொல்ல எனக்கு என்ன கேடு?

கணவர் முகம் சிவந்திருந்தது. "பைத்தியமா உனக்கு? அப்படி என்னதான் இருந்துது அதுல?"

இருந்ததைச் சொன்னேன். தினமும் ரயிலில், இருக்கிறதா என்று திறந்து திறந்து பார்த்த மெசேஜ்கள். எனக்கு மனப்பாடம். யார் அனுப்பியது என்பதை முதலில் சொன்னேன். பிறகு புடவையைப் பற்றியதை, அவன் போட்ட புள்ளிகளோடு. இரண்டாவது, சனிக்கிழமை தனியாக வரச் சொன்னது. மூன்றாவது, நான் பதில் போடாததற்கு வந்த வசவு. நாலாவதைச் சொல்லும்போது கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே மருந்து வாங்க நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

கணவர் என் முழங்கையைப் பிடித்தார். "மெதுவா பேசு. ஆளுங்க நிக்கிறாங்க. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

கையை உதறினேன். இன்னும் ஏழு இருக்கிறது என்றேன். கடைக்காரரிடம் ஒரு பேனாவும் தாளும் கேட்டு வாங்கி, கணவர் கையில் கொடுத்தேன். தேதியும் சொல்கிறேன், எழுதுங்கள் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டி மேல் தாளை வைத்துக் குனிந்தார்.

குரலைக் குறைக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.