அடி வரிசைப் பலகைகள்

செங்கோட்டை சாலையில் சலீம் பாயின் மர மில்லில் நான் பில் எழுதுகிறேன். அறுத்த பலகைகளைச் சூட்டில் காயவைக்கப் பாய் ஓர் அறை கட்டினார். தரை போட வந்தவர் இலஞ்சிக் கொத்தனார் ஏசுவடியான்.

அவர் மனைவி கிருபா தை மாதம் இறந்திருந்தாள். மகள் சுஜிதாவுக்கு வீடு கட்ட, கிருபா நட்ட பலாமரத்தை வெட்ட வேண்டியதாயிற்று. தலைவாசல் கதவாவது அந்த மரத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மரத்தை எங்கள் மில்லிலேயே அறுத்தோம்.

"மொத லோடுலயே உங்க பலகயப் போட்டுருவோம் அண்ணாச்சி" என்றார் பாய்.

பாய் சொன்னபடி மண்மேல் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் கனத்த தெர்மாகோல், பிறகு கம்பியும் கான்கிரீட்டும். சூடு கீழே இறங்கக் கூடாது. ஈரம் மேலே ஏறக் கூடாது.

"டிவி பெட்டிக்குள்ள வைக்கதத் தரைக்கு வைக்கச் சொல்லுதாரு. தரைக்கும் குளிருதாம்லே!" என்று சிரித்தார் ஏசுவடியான்.

பாய் தொழுகைக்குப் போன நேரம், ஏசுவடியான் கூர்க்கம்பியால் தெர்மாகோலையும் தாளையும் சேர்த்து முழத்துக்கு ஓர் ஓட்டை குத்தினார். நான் பார்ப்பதைக் கண்டு, "கான்கிரீட் தண்ணி இறங்க வழி வேண்டாமா தம்பி? முப்பது வருசத் தொழிலு" என்றார். கூடாதென்று எனக்குத் தெரியும். பில் மேசைக்குத் திரும்பிவிட்டேன்.

ஆனியில் முதல் லோடு ஏறியது. "பாய் சரக்கு மேல இருக்கட்டும். எம்பலக அடியில கெடக்கட்டும்" என்று அவரே அடுக்கினார். அந்த வாரம் முழுக்கச் சாரல்.

அறையைத் திறந்தபோது மேல் வரிசைகள் காய்ந்திருந்தன. தரை ஈரம். அடி வரிசை கரும்பூசணம் பிடித்து முறுக்கிக் கிடந்தது.

"மெசின் கோளாறாடே?" என்று பாய் என்னைக் கேட்டார். நான் பில் புத்தகத்தைப் பார்த்தேன்.

"தரைதான் பாய். ஓட்ட போட்டது நாந்தான்" என்றார் ஏசுவடியான். "ஒடச்சு மறுபடி போட்டுத் தாரேன்."

பாய் தேக்கு அடுக்கைக் காட்டினார். "கதவுக்குத் தேக்கு எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி."

"தேக்கு நல்லாத்தான் இருக்கும்..." என்றவர் கடப்பாரையை எடுக்கப் போனார்.

மூன்று நாள் தரையை உடைத்தார். ஒவ்வோர் ஓட்டையைச் சுற்றியும் மண் ஈரம் ஏறிக் கறுத்திருந்தது. ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தபடி வெகுநேரம் குந்தியிருந்தார்.

ஆவணியில் சுஜிதா வீட்டுப் பிரதிஷ்டைக்கு, ஜெபம் செய்து குடிபுகும் நாளுக்கு, போனேன். வந்தவர்கள் தேக்குக் கதவைத் தட்டிப் பார்த்து நல்ல மரம் என்றார்கள். ஏசுவடியான் அன்று முழுக்கப் பின்வாசல் வழியாகவே வந்து போனார்.