தேர்வுக் குழுவுக்கு மட்டும்

நோரீன் பர்ட்டன் எங்கள் ஊர் நூலகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அவள் செய்த தப்பு எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அந்தத் தப்புக்கு ஸ்டிக்கர் ஒட்டியது, அங்கே அவளுக்கு உதவியாக இருந்த என் கை.

ஹுவான் ஆற்றங்கரையில் ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஊர் எங்களுடையது. இங்கே யாருக்கும் எதையும் தூக்கிப் போட மனசு வராது. நோரீனுக்குச் சுத்தமாக வராது. மற்ற நூலகங்கள் கழித்துவிட்ட புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருவாள். முதல் பக்கத்தில் இருக்கும் பழைய முத்திரையின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு, பக்கத்தில் எங்கள் முத்திரை, வேலை முடிந்தது. கோடு கோணினால் தன்னையே திட்டிக்கொள்வாள். புத்தகத்தில் காபிக் கறை வைத்தவர்கள் கதி இன்னும் மோசம். எங்கள் பாதிரியாரே ஒருமுறை அவள் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாகப் போயிருக்கிறார்.

பக்கத்து ஊரில் எட்டு வருஷம் நடந்த திரைப்பட விழாவை ஒருநாள் இழுத்து மூடினார்கள். விழாவில் இடம் கேட்டு வந்த படங்கள், நாற்பத்தொரு டிவிடி. விழாத் தலைவர் பெட்டியோடு எங்கள் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"எல்லாம் உனக்குத்தான் நோரீன். குப்பைக்குப் போறதுக்கு இது எவ்வளவோ தேவலை."

"குப்பையா? மொதல்ல வாயைக் கழுவுங்க," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

ஒவ்வொரு டிவிடியின் மேலும் 'தேர்வுக் குழுவின் பார்வைக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. நான் கேட்காமல் இல்லை.

"இப்படிப் போட்டிருக்கே, நோரீன்?"

"அது விழாக்காரங்க முத்திரை, ட்ரிஷ். அவங்களே குடுத்துட்டாங்க இல்ல? கோடு போட்டுட்டு நம்ம ஸ்டிக்கரை ஒட்டு."

கோடு போட்டேன். ஒட்டினேன். புத்தகம் கைக்கு வந்தால் இரவல் கொடுக்கலாம். படம் மட்டும் என்ன பெரிய கொம்பா என்று நினைத்தோம்.

அந்தப் பெட்டியில் எங்கள் ஊர்ப் படம் ஒன்றும் இருந்தது. ஆப்பிள் பொறுக்கிக் கட்டும் கொட்டகையில் வேலை பார்த்த பெண்களைப் பற்றி, ஹோபார்ட் நகரத்திலிருந்து வந்த டெஸ் என்ற பெண் எடுத்த படம். இரண்டு வருஷத்துக்கு முன் ஊர்மன்றத்தில் அதைப் போட்டபோது சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அதிலும் அந்தப் பெண்களில் ஒருத்தியான பெரில் டார்செட் அடித்த கிண்டலுக்குக் கைதட்டல் ஓயவில்லை. அதனால் வியாழக்கிழமை மத்தியானம் டீயும் ஸ்கோன் பன்னும் கொடுத்துப் பெரியவர்களுக்குப் போடும் படமாக நோரீன் அதையே எடுத்தாள்.

பெரில் தன் புருஷன் கெவ்வோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

"மறுபடியும் என் மூஞ்சியா? போன தடவை பார்த்துட்டு இந்த மனுஷன் ரெண்டு நாள் சாப்பிடல."

"அது உன் மூஞ்சியால இல்ல, உன் சமையலால," என்றார் கெவ். எல்லோரும் சிரித்தோம்.

அரைமணி நேரம் போயிருக்கும். நாங்கள் பார்த்திராத ஒரு காட்சி வந்தது. காலிப் பெட்டிகளின் மேல் பெரில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கிண்டல் இல்லை, சிரிப்பு இல்லை.

"எனக்கு அப்போ பதினேழு வயசு, கல்யாணம் ஆகல. பிரசவத்தப்போ முகத்துக்கு நேரா தலையணையை வச்சு மறைச்சுட்டாங்க. புள்ளையைப் பார்க்கவே விடல. அழுத சத்தம் மட்டும் கேட்டுச்சு. பையன்னு சொன்னாங்க. கையெழுத்து வாங்கிட்டு யாருக்கோ குடுத்துட்டாங்க. கெவ்வுக்குத் தெரியாது..."

என் கையிலிருந்த டீ சுட்டது; கீழே வைக்கத் தோன்றவில்லை. அறையில் இருந்த இருபது பேரும் திரையையும் பெரிலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நோரீன் ரிமோட்டைத் தேடினாள், கிடைக்கவில்லை. ஓடிப்போய்த் திரைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். படத்திலிருந்த பெரிலின் முகம் அவள் ஸ்வெட்டரின் மேல் விழுந்தது. குரல் மட்டும் நிற்கவில்லை. நிஜமான பெரில் எழுந்த வேகத்தில் நாற்காலி தடாலென்று சாய்ந்தது. யாரையும் பார்க்காமல் அவள் வெளியே போனாள். கெவ் தொப்பியைக்கூட எடுக்காமல் பின்னாலேயே ஓடினார்.

நோரீன் அப்போதே டெஸ்ஸுக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அந்த டிவிடி உங்க கைக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள் டெஸ். "அது நான் மொதல்ல தொகுத்த வடிவம். விழாவுக்கு அனுப்பின அடுத்த வாரமே பெரில் போன் பண்ணி அழுதாங்க, அந்தக் காட்சியையே எடுத்துட்டேன். விழாக்காரங்களுக்குப் பார்க்கத்தான் குடுத்தேன். வச்சுக்கக் குடுக்கல. இன்னொருத்தருக்குக் குடுக்க அவங்க யாரு?"

"விழாக்காரங்க முத்திரைன்னு நெனச்சேம்மா. கோடு போட்டா போதும்னு..."

"முத்திரை இல்லைங்க. அது அவங்க எனக்குக் குடுத்த வாக்கு."

போனை வைத்த பிறகு நோரீன் மற்ற நாற்பதையும் அலமாரியிலிருந்து இறக்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். படம் எடுத்தவர்களின் முகவரிகளைத் தேடி ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுத உட்கார்ந்தாள். கோணல் கோணலாக எழுதினாள், திட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பெரிலின் டிவிடியை எடுத்துக்கொண்டு இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். கெவ் கதவைத் திறந்தார். முகத்தில் சவரம் இல்லை, தூக்கமும் இல்லை.

"இதைப் பெரில் கையில குடுக்கணும், கெவ்," என்றாள் நோரீன்.

"நேத்து உள்ள போனவ ரூமை விட்டு வரல. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. எனக்கு யார் மேலயும் கோவமில்ல நோரீன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. நாற்காலி விழுந்த சத்தத்துல எனக்குக் கேக்கல. நீ ஸ்பீக்கர் பக்கத்துல நின்ன. அந்தப் பையன் பொறந்த தேதி சொன்னாளா?"

நோரீனுக்கு அது கேட்டிருக்கிறது. அவள் முகமே சொன்னது. யார் எதைக் கேட்டாலும் தேடி எடுத்துக் கொடுத்துப் பழகியவள், முதல் முறையாக மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"தெரியும் கெவ். ஆனா அதைச் சொல்ல நான் யாரு?"

உள்ளே கதவு திறந்தது. பெரில் வந்து, டிவிடியை நோரீன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மார்ச் ஒம்போது," என்றாள், புருஷனைப் பார்த்து. கெவ் அந்தத் தேதியை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

"இவர்கிட்ட ஒருநாள் என் வாயால சொல்லணும்னு நாப்பத்தேழு வருஷமா வச்சிருந்தேன். அதை எடுத்து ஊருக்கு இரவல் குடுத்துட்டியே, நோரீன்."