முயல் மேல் பழி

ஆன்டிபாடி விற்கிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். என்ன விற்கிறான் என்று மாமனாருக்கு விளங்க வேண்டுமே. உடம்பில் வீக்கமோ காய்ச்சலோ கிளம்பினால், செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல ஒரு புரதத்தை வெளியே விடும். பெயர் இன்டர்லூக்கின் ஆறு. அது இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் காட்டிக்கொடுக்க, முயல் ரத்தத்திலிருந்து எடுத்த ஒரு சொட்டுத் திரவம்தான் என் சரக்கு. திருத்தணி பஸ் ஸ்டாண்டில் ஐஸ் பெட்டியோடு நிற்கும் என்னைப் போல, சாம்பிள் பை தூக்கி அலையும் சக பாவிகளே, கேளுங்கள்.

காலிக் குழாய்

ஆர்.கே.பேட்டைப் பெண் ஸ்டெல்லா, வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. இந்தப் புரதத்தைத் தேடும் சோதனையில் ஆறு மாதமாக முடிவு வரவில்லை. இந்த முறையும் வராவிட்டால் தலைப்பையே மாற்றிவிடுவேன் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். அதாவது, இரண்டு வருட உழைப்பு குப்பைக்கு.

நான் அனுப்பிய புது ஆன்டிபாடிக் குழாய் போய்ச் சேர்ந்த அன்று, உள்ளே ஒன்றுமே இல்லை என்று போனில் அழுதாள். அடித்துப் பிடித்து ஓடினேன். மூடியின் உள்பக்கம் கடுகளவு ஈரம். மெஷினில் வைத்து ஒரு சுற்று சுற்றியதும் அடியில் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மூடியக் கழுவலாம்னு எடுத்துக்கினு போனேங்கண்ணா, அப்பத்தான் உங்க நெனப்பு வந்துச்சி."

பாவாவின் முட்டி

என் அக்கா வீட்டுக்காரர் அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டுகிறார். எனக்கு பாவா. வீக்கத்துக்கான சரக்கு என்று கேள்விப்பட்டதும் தறியை நிறுத்திவிட்டு, வீங்கிய முட்டியை நீட்டி ஒரு சொட்டு விடச் சொன்னார். இது வீக்கத்தைக் குறைக்காது பாவா, இருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான் என்றேன். லுங்கியை இறக்கி விட்டுக்கொண்டார்.

"வீங்கிகினு கீதுன்னு எனக்கே தெரியுது மச்சான், அத்த சொல்றதுக்கு எதுக்கு ஒரு முயலு?"

இரண்டாவது குப்பி

புரதம் இருந்தால் சோதனைத் தாளில் ஒரு கோடு விழ வேண்டும்; அடுத்த வாரமும் ஸ்டெல்லாவின் தாளில் விழவில்லை. உங்கள் முயலே சரியில்லை, கம்பெனிக்கு எழுதப் போகிறேன் என்று பேராசிரியர் போனில் கத்தினார். நேரில் போய், அவள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கை சுத்தமான கை. பிறகுதான் இரண்டாவது குப்பி கண்ணில் பட்டது.

முதல் ஆன்டிபாடி புரதத்தைப் பிடிக்கும். இரண்டாவது, அந்த முதலாவதைப் பிடித்துக் கோடு காட்டும். முதலாவது முயலுடையது என்றால் இரண்டாவது முயலைப் பிடிக்கிற வகையாக இருக்க வேண்டும். இது எலியைப் பிடிக்கிற வகை. பழைய மாணவன் மிச்சம் வைத்துப் போனதை, வீணாக்குவானேன் என்று பேராசிரியரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆறு மாதமும் அதே குப்பி. வந்த கோபத்துக்கு ஐஸ் பெட்டியை அவர் மேஜையில் கவிழ்த்திருப்பேன். "வேணாங்கண்ணா, அவருதான் கையெழுத்துப் போடணும்" என்று ஸ்டெல்லா தடுத்துவிட்டாள்.

என் பெட்டியிலிருந்த சரியான குப்பியைக் கொடுத்தேன். சாயங்காலம் தாளில் பளிச்சென்று ஒரு கோடு. ஸ்டெல்லா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். பேராசிரியர் வந்து தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே, முயல்லதான் கோளாறுன்னு."

முயலுக்குப் பேச வராததால்தான் ஆராய்ச்சித் துறையில் இத்தனை பேர் மரியாதையோடு ஓய்வு பெறுகிறார்கள்.