ஒரு கண்ணால் திசு பார்த்தவர்

மெய்நிகர்க் கருவிகளால் மாணவர் எய்தும் நன்மைகளைப் பலரும் எழுதிவிட்டனர். அக்கருவியின் முன் செய்வதறியாது நின்ற ஆசிரியர் ஒருவரைப் பற்றியும் ஒரு குறிப்பு இருத்தல் வேண்டும். ஆதலின் இதனை எழுதுகிறேன்.

செம்பூரில் மின்தொடர்வண்டி ஏறியபோது என்னருகில் அமர்ந்தவர் அவர். மருத்துவக் கல்லூரியில் திசுவியல் கற்பிப்பவர். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை. மூக்குக் கண்ணாடியின் வலப்பக்க வில்லையை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் நோக்குவதைக் கண்டு நகைத்தார்.

"இடது கண்ணு சின்ன வயசுலயே போயிட்டுய்யா. மைக்ராஸ்கோப்புக்கு ஒண்ணு போதும்லா, யாருக்கும் தெரியாம ஓட்டிட்டேன். இப்போ கண்ணுல மாட்டுற வி.ஆர். பெட்டி வந்துட்டு. பிள்ளைங்க கிட்னிக்குள்ளயே நடக்குது. ஆழம் தெரிய ரெண்டு கண்ணும் வேணும்லா, எனக்குச் சுவத்துல ஒட்டுன படமாத்தான் தெரியுது. எது முன்னால, எது பின்னாலன்னு கேட்டா முழிக்கேன்."

"கல்லூரியில் தெரிவிக்கலாமே?"

"சொன்னா வேலைக்கே ஆபத்து. சொல்லலேன்னா, நாளைக்கு டாக்டராகுற பிள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுப்பேன். நீங்களே சொல்லுங்க, என்ன செய்ய?"

சுனாபட்டியில் இறங்க எழுந்தார். "பொறுத்துப் பார்ப்போம்" என்றேன். அது விடையன்று என்பதை இருவருமே அறிந்திருந்தோம்.

திசுவியலைப் பற்றி நான் பிழைபட எழுதியிருப்பின் அறிந்தோர் திருத்துக. அவரிடம் நான் கூறியிருக்க வேண்டியது யாதென அறிந்தோர், அதனையும் எழுதுக.